தொண்டைப் புற்றுநோய் எங்கே தொடங்கியது, ஏன் வந்தது: சி.டி. ஸ்கேன் எவ்வளவு சொல்லும்?

கழுத்தின் பக்கவாட்டில் வலியே இல்லாத ஒரு கட்டி. ஊசி வைத்து எடுத்துப் பார்த்தால் புற்றுநோய் செல்கள். ஆனால் வாயைத் திறந்து விளக்கடித்துப் பார்த்தால் தொண்டையில் ஒன்றுமே இல்லை. இப்படி ஒரு கட்டத்தில்தான் பலருக்கும் சி.டி. ஸ்கேன் எழுதிக் கொடுக்கப்படுகிறது. அவர்களும் வீட்டாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சில பதில்கள் நீளம், சில இரண்டே வரி. உங்கள் படத்தை நேரில் பார்த்த டாக்டர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

புற்றுநோயின் ‘தொடக்கம்’ என்று எதைச் சொல்கிறார்கள்?

இரண்டு விஷயங்களை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் பாதிச் சிக்கல். ஒன்று இடம்: டான்சிலா, அடிநாக்கா, குரல்வளையா, மூக்குக்குப் பின்புறமா? இன்னொன்று காரணம்: புகையிலையும் மதுவுமா, ஹெச்.பி.வி. என்ற வைரஸா?

இடத்தைத் தேடுவதில் சி.டி. நல்ல துணை. காரணத்தைப் பொறுத்தவரை அது கெட்டிக்காரத்தனமாக ஊகிக்கும், தீர்ப்பு சொல்லாது. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற பதில்கள் எளிதாகப் புரியும். (மருத்துவத் தமிழில் ‘மூலம்’ என்றும் எழுதுவார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் நம் ஆட்களுக்கு உடம்பின் வேறொரு கோடி ஞாபகத்துக்கு வருவதால் நான் தவிர்த்துவிட்டேன்.)

தொண்டை என்பது ஒரே இடம்தானே?

பேச்சில் ஒரே இடம். ஸ்கேன் படிப்பவருக்கு நான்கு. மூக்கின் பின்னால் இருப்பது மூக்குத்தொண்டை. வாயைத் திறந்தால் பின்னால் தெரிவது வாய்த்தொண்டை. டான்சில், அடிநாக்கு, மெல்லண்ணம் எல்லாம் இதில் அடக்கம். அதற்குக் கீழே, உணவுக்குழாய் ஆரம்பிக்கும் வரை கீழ்த்தொண்டை. முன்பக்கம் குரல்வளை.

நான்கிலும் வருவது பெரும்பாலும் செதில் செல் புற்றுநோய்தான் (உட்பரப்பின் தட்டையான செல்களில் தொடங்குவது), ஆனால் காரணங்கள் வேறு. குரல்வளை, கீழ்த்தொண்டைப் புற்றுநோய்களில் புகையிலையும் மதுவும்தான் முதல் குற்றவாளிகள். மூக்குத்தொண்டையில் அடிக்கடி இருப்பது எப்ஸ்டீன்-பார் வைரஸ். ஹெச்.பி.வி. குறிவைப்பது வாய்த்தொண்டையை, அதிலும் டான்சிலையும் அடிநாக்கையும். ஆகவே இடம் தெரிந்தாலே காரணத்தைப் பற்றிய ஊகம் பாதி வந்துவிடுகிறது.

கட்டி கழுத்தில் இருக்கிறது. ஏன் தொண்டையைக் குடைகிறார்கள்?

கழுத்தில் தட்டுப்படுவது பெரும்பாலும் கிளைதான், வேர் இல்லை. தொண்டையின் உட்பகுதியிலிருந்து நிணநீர் வடிந்து கழுத்திலுள்ள நெறிகளுக்கு, அதாவது நிணநீர் முடிச்சுகளுக்கு, வருகிறது. அந்த நீரோடு வந்த புற்றுநோய் செல்கள் நெறியில் தங்கி வளர்கின்றன. தாய்க் கட்டி மிளகு அளவில் எங்கோ மடிப்புக்குள் ஒளிந்திருக்க, நெறி எலுமிச்சை அளவுக்குப் பெருத்துவிடுவது இந்த நோயில் சாதாரணம்.

சுவையான விஷயம் என்னவென்றால், எந்த நெறி வீங்கியிருக்கிறது என்பதே ஒரு முகவரிச் சீட்டு. கழுத்து நெறிகளை எண் போட்டுப் பிரித்து வைத்திருக்கிறார்கள். தாடைக்கோணத்துக்குக் கீழே இருப்பது 2ஆம் மண்டலம். அது வீங்கினால் முதல் சந்தேகம் டான்சில், அடிநாக்கு. தாடைக்கு நேர் அடியில் 1ஆம் மண்டலம் என்றால் வாய், உதடு, முன்நாக்கைப் பார்ப்பார்கள். கழுத்தின் நடுவில் 3, அதற்குக் கீழ் 4 என்றால் குரல்வளையும் கீழ்த்தொண்டையும் பட்டியலில் ஏறும். கழுத்தின் பின்பக்க 5ஆம் மண்டலத்தில், அதுவும் இருபுறமும் வீங்கினால் மூக்குத்தொண்டையைத் தேடு என்று அர்த்தம். காறை எலும்புக்கு மேலே மட்டும் நெறி இருந்தால் தொண்டையை விட்டுவிட்டு நுரையீரல், உணவுக்குழாய், வயிறு வரை போக வேண்டியிருக்கும்.

தொண்டையின் பின்சுவருக்குப் பின்னாலும் சில நெறிகள் உண்டு. எந்த டாக்டரின் விரலுக்கும் அவை எட்டாது, ஸ்கேனில் மட்டுமே தெரியும். அவை பெருத்திருந்தால் மூக்குத்தொண்டை மேல் சந்தேகம் கூடும்.

சி.டி. ஸ்கேனில் கட்டி எப்படித் தெரிகிறது?

எக்ஸ்-ரே குழாய் உங்களைச் சுற்றிச் சுழல்கிறது. பல கோணங்களில் எவ்வளவு கதிர் உடம்பைத் தாண்டி வருகிறது என்று அளந்து, கணினி குறுக்குவெட்டுப் படங்களாக்குகிறது. இந்தக் கருவியால் முதன்முதலில் ஒரு நோயாளியின் தலையைப் படமெடுத்தது 1971 அக்டோபர் 1 அன்று, லண்டனில். கருவியை உருவாக்கிய காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டும், அதற்கான கணிதத்தைத் தனியே வகுத்த ஆலன் கார்மக்கும் 1979இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

படத்திலுள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகு என்று பெயர். தண்ணீர் 0, காற்று மைனஸ் 1000, கொழுப்பு மைனஸ் 100ஐ ஒட்டி, தசை 40 முதல் 60 வரை. இங்கேதான் சிக்கல். கட்டியின் எண்ணும் தசையின் எண்ணும் ஏறத்தாழ ஒன்று. சாம்பல் நிறத்தின் மேல் சாம்பல் நிறம்.

அதனால்தான் அயோடின் கலந்த கான்ட்ராஸ்ட் மருந்தை நரம்பில் ஏற்றுகிறார்கள். புற்றுக்கட்டியில் ரத்தக் குழாய்கள் அதிகம், அவை ஒழுகவும் செய்யும். அதனால் மருந்தை உறிஞ்சி வெளுப்பாகத் தெரிகிறது. மருந்து ஏறியதும் படமெடுத்துவிட மாட்டார்கள். கழுத்துக்குச் சுமார் ஒன்று, ஒன்றரை நிமிடம் காத்திருப்பார்கள். உடனே எடுத்தால் ரத்தக் குழாய்கள் மட்டும் பளிச்சென்று இருக்கும், கட்டி இருக்காது. கான்ட்ராஸ்ட் இல்லாமல் எடுத்த கழுத்து சி.டி.யை வைத்துக்கொண்டு தொடக்க இடத்தைத் தேடுவது இருட்டில் ஊசி தேடுவது போலத்தான்.

டான்சிலில் புற்று இருந்தும் ஸ்கேனில் தெரியாமல் போகுமா?

போகும், அடிக்கடி. டான்சிலும் அடிநாக்கும் வழுவழுப்பான பரப்புகள் இல்லை. ஒவ்வொரு டான்சிலிலும் 10 முதல் 30 வரை ஆழமான குழிகள் உண்டு. ஹெச்.பி.வி. குடியேறுவது இந்தக் குழிகளின் அடியில், அங்குள்ள மெல்லிய சல்லடை போன்ற தோலில். புற்று அங்கே தொடங்கினால் மேற்பரப்பு சுத்தமாகவே இருக்கும். கண்ணுக்கும் தெரியாது, எண்டோஸ்கோப் என்ற குழாய்க் கேமராவுக்கும் தெரியாது. போதாததற்கு, ஆரோக்கியமான டான்சில் திசுவே கான்ட்ராஸ்டை நன்றாக உறிஞ்சி வெளுத்துக் காட்டும். இரு பக்க டான்சில்களும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது.

ஆகவே சில மில்லிமீட்டர் அளவுள்ள கட்டி அந்தக் கூட்டத்தில் கரைந்துபோகும். படிப்பவர் வேறு தடயங்களைத் தேடுவார்: ஒரு பக்கம் மட்டும் ஆழத்தில் கொழுப்புப் படலம் மங்கியிருக்கிறதா, எந்த டான்சில் தடித்திருக்கிறது, அது வீங்கிய நெறி இருக்கும் அதே பக்கமா. ‘வலப்பக்க டான்சில் சற்றுப் பெரிது, நேரில் பார்க்கவும்’ என்ற ஒரே வரி பல நேரங்களில் முழு ரிப்போர்ட்டையும்விட மதிப்புள்ளது.

பயாப்ஸி முதலிலா, ஸ்கேன் முதலிலா?

இந்தக் கேள்வியை இன்னும் பலர் கேட்க வேண்டும் என்பது என் ஆசை. பயாப்ஸி என்பது சோதனைக்காகத் திசுத் துண்டு எடுப்பது. அதற்காகத் தொண்டைக்குள் கத்தியோ கிடுக்கியோ படும் முன் ஸ்கேன் எடுத்துவிடுவது நல்லது. டான்சிலைக் கிள்ளி எடுத்த மறுநாள் ஸ்கேன் எடுத்தால் வீக்கமும் ரத்தக்கசிவும் கட்டி போலவே தெரியும். ஏற்கெனவே சின்னதாக இருந்த கட்டியைப் பயாப்ஸியிலேயே பெரும்பகுதி எடுத்துவிட்டால், அது எங்கே எவ்வளவு ஆழத்தில் இருந்தது என்ற தகவலும் அதோடு போய்விடும். கதிரியக்கச் சர்க்கரையை ஏற்றி எடுக்கும் பெட் ஸ்கேனுக்கும் இதே கதைதான். புண் ஆறும் இடமும் சர்க்கரையை இழுத்து ஒளிரும்.

கழுத்து நெறியில் மெல்லிய ஊசி வைத்து எடுப்பது இதில் சேராது. அதனால் படம் பெரிதாகக் கெடாது, முதலிலேயே செய்யலாம். ஆனால் நெறியைக் கீறி முழுதாக வெளியே எடுப்பதற்கு முன், ஊசியிலேயே விடை கிடைக்குமா என்று கேளுங்கள். கழுத்தில் அவசரப்பட்டுப் போட்ட கீறல் பின்னால் வரும் அறுவைக்கும் கதிர்வீச்சுக்கும் இடைஞ்சலாகலாம்.

ஸ்கேன் மேசையில் என்னிடம் என்ன எதிர்பார்ப்பார்கள்?

அசையாமல் படுப்பது, மெதுவாக மூச்சு விடுவது, படம் ஓடும்போது எச்சில் விழுங்காமல் இருப்பது. கடைசியாகச் சொன்னதுதான் கஷ்டம். விழுங்காதே என்று சொன்னதும்தான் எச்சில் ஊறும். நல்லவேளை, படம் எடுப்பது சில விநாடிகள்தான். மருந்து ஏறும்போது உடம்பு முழுக்கச் சூடு பரவும், வாயில் உலோகச் சுவை வரும், சிறுநீர் போய்விட்டதோ என்றுகூடத் தோன்றும். பயப்பட வேண்டாம், போயிருக்காது.

சிலரை இரண்டாம் முறை கன்னத்தை உப்பி ஊதியபடி இருக்கச் சொல்லி எடுப்பார்கள். ஒட்டிக்கிடக்கும் கீழ்த்தொண்டை மடிப்புகளைக் காற்று விரித்துவிடும், அங்கே ஒளிந்த கட்டி தெரியும். வாயைத் திறந்தபடி இன்னொரு முறை எடுப்பதும் உண்டு, அது பல் அடைப்புகளுக்காக. உலோக அடைப்பும் உறையும் எக்ஸ்-ரேயைத் தடுத்து, படத்தில் சூரியக் கதிர் போல வெள்ளைக் கோடுகளை வாரி இறைக்கும். அந்தக் கோடுகள் சரியாக டான்சில் மட்டத்தில் விழுவது நம் துரதிர்ஷ்டம். கழற்றக்கூடிய பல்செட், கம்மல், சங்கிலி எல்லாவற்றையும் முன்னமே கழற்றிவிடுங்கள்.

கழுத்துக் கட்டி ‘நீர்க்கட்டி போல இருக்கிறது’ என்று ரிப்போர்ட் சொல்கிறது. அப்படியானால் புற்று இல்லையே?

அவசரப்பட வேண்டாம். பிறவியிலேயே கழுத்தின் பக்கவாட்டில் தங்கிவிட்ட நீர்ப்பை ஒன்று உண்டு. அது பெரும்பாலும் இளவயதில், சளி பிடித்த சமயத்தில் வீங்கி வெளியே தெரியும். 40 வயதைத் தாண்டிய ஒருவருக்கு முதல்முறையாக அப்படி ஒரு நீர்ப்பை வந்தால், வேறு என்று நிரூபணமாகும் வரை அதைப் புற்று என்றே வைத்துத் தேட வேண்டும் என்பது தலைக்கழுத்து மருத்துவர்களின் பழைய பாடம். காரணம், ஹெச்.பி.வி.யால் வரும் தொண்டைப் புற்று நெறிக்குப் பரவும்போது அடிக்கடி நீர் நிறைந்த பையாகவே பரவும்: மெல்லிய சுவர், உள்ளே தண்ணீரை ஒட்டிய எண். பார்க்க அச்சு அசல் அந்தப் பிறவி நீர்ப்பை போலவே.

இன்னொரு பொறி: இந்தப் பையில் ஊசி வைத்தால் நீர்தான் வரும், செல்கள் வராது. ‘புற்று இல்லை’ என்று ரிப்போர்ட் வந்துவிடும். அப்போது அல்ட்ராசவுண்ட் பார்த்துக்கொண்டே பையின் சுவரிலோ கெட்டியான பகுதியிலோ மறுபடி ஊசி வைக்க வேண்டும். தைராய்டில் வரும் பாப்பில்லரி புற்றும் இதே போல நீர்ப்பை நெறிகளைத் தரும் என்பதால், தைராய்டையும் ஒரு பார்வை பார்த்துவிடுவார்கள்.

சரி, ஸ்கேனை மட்டும் பார்த்து இது வைரஸா, புகையிலையா என்று சொல்ல முடியுமா?

அனுபவமுள்ளவர் பார்த்தால் ‘இப்படித்தான் இருக்கும்’ என்று சொல்ல முடியும். ‘இதுதான்’ என்று சொல்ல முடியாது.

இரண்டு வகைக் கட்டிகளும் நடந்துகொள்ளும் விதம் வேறு. ஹெச்.பி.வி. கட்டி பெரும்பாலும் எல்லை தெளிவாக, உருண்டையாக, தொண்டையின் உள்வெளியை நோக்கிப் புடைத்து வளரும். கான்ட்ராஸ்டை நன்றாக உறிஞ்சும். தாய்க் கட்டி சின்னது, நெறிகள் பெரிது, அவற்றில் சில நீர்ப்பை. இருக்கும் இடம் டான்சில் அல்லது அடிநாக்கு. புகையிலையால் வந்த கட்டி பெரும்பாலும் எல்லை இல்லாமல் பரவும். எண்ணெய்க் கறை துணியில் இறங்குவது போல. பக்கத்துத் தசைக்குள் புகும், மேல்பகுதி புண்ணாகிக் குழிந்திருக்கும். மெல்லண்ணத்திலும் தொண்டைப் பின்சுவரிலும் வரும் கட்டிகளில் இந்த வகையே அதிகம். நெறி நடுவில் அழுகினாலும் சுவர் தடித்து, ஒழுங்கற்று இருக்கும்.

யாருக்கு எது என்று சொல்லாமல், இரண்டு வகைப் படங்களையும் கலந்து கொடுத்துப் படிக்கச் சொன்ன ஆய்வுகளிலும் இந்த வித்தியாசங்கள் வெளிப்பட்டிருக்கின்றன. ஆனால் சராசரியில் உண்மையாக இருப்பது ஒவ்வொருவரிடமும் உண்மையாக இருக்க வேண்டியதில்லை. எல்லை தெளிவான புகையிலைக் கட்டியும் உண்டு, கண்டபடி பரவிய ஹெச்.பி.வி. கட்டியும் உண்டு. இரண்டு காரணமும் சேர்ந்தே இருக்கும் ஆட்களும் உண்டு: வைரஸும் இருக்கும், முப்பது வருடப் புகையும் இருக்கும். அந்தப் படத்துக்கு என்ன பெயர் வைப்பது?

ஆகவே இந்த அடையாளங்களின் உண்மையான பயன் வேறு. நீர்ப்பை நெறி தெரிந்தால் தேடலை டான்சிலுக்கும் அடிநாக்குக்கும் திருப்பலாம். படமும் திசுப் பரிசோதனையும் முரண்பட்டால், ‘எங்கேயோ ஏதோ இடிக்கிறது, மறுபடி பார்’ என்று மணி அடிக்கலாம்.

அப்படியானால் காரணத்தை உறுதிசெய்வது எது?

திசு. பயாப்ஸியில் எடுத்த துண்டை பி16 என்ற புரதத்துக்குச் சாயம் ஏற்றிப் பார்ப்பார்கள். ஹெச்.பி.வி. செல்லின் கட்டுப்பாட்டைக் கைப்பற்றும்போது இந்தப் புரதம் மிதமிஞ்சிப் பெருகும். புற்றுசெல்களில் 70 சதவீதமாவது அழுத்தமாகச் சாயமேறினால் ‘பி16 பாசிட்டிவ்’. சோதனை எளிது, அதனால்தான் எல்லா இடத்திலும் முதலில் இதைச் செய்கிறார்கள்.

ஆனால் பி16 வைரஸின் நிழல்தான், வைரஸ் இல்லை. பத்தில் ஒருவருக்கு நெருக்கமாக, பி16 ஒன்று சொல்ல வைரஸ் பரிசோதனை வேறொன்று சொல்லும். அதனால் வைரஸின் டி.என்.ஏ.வையோ ஆர்.என்.ஏ.வையோ நேரடியாகத் தேடும் சோதனையையும் சேர்த்துச் செய்வது உண்டு. தாய்க் கட்டி கிடைக்காமல் நெறியிலிருந்து மட்டும் திசு கிடைத்திருக்கும்போது இது இன்னும் முக்கியம். ஏனென்றால் முகத்தோலில் வந்த புற்று கழுத்துக்குப் பரவினாலும் பி16 பாசிட்டிவாக வரலாம். நெறியில் எப்ஸ்டீன்-பார் வைரஸ் கிடைத்தால் தேடல் நேரே மூக்குத்தொண்டைக்குப் போகும்.

கண்ணால் முடியாததைச் செயற்கை நுண்ணறிவு செய்துவிடாதா?

முயன்றுகொண்டிருக்கிறார்கள். ரேடியாமிக்ஸ் என்று ஒரு துறையே உண்டு; 2014 முதல் பெரிதாகப் பேசப்படுகிறது. படத்திலுள்ள கட்டியின் வடிவம், சொரசொரப்பு, வெளுப்பின் பரவல் என்று நூற்றுக்கணக்கான அளவுகளைக் கணினி எடுத்து, அவற்றில் எந்தக் கலவை ஹெச்.பி.வி.யோடு சேர்ந்து வருகிறது என்று கற்றுக்கொள்ளும். நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதைவிட நிச்சயமாக நன்றாகவே கணிக்கிறது.

எனக்கு உள்ள தயக்கம் இது. ஒரு மருத்துவமனையின் ஸ்கேனில் பழகிய மென்பொருள் வேறு இடத்துப் படத்தில் தடுமாறும். படத்துண்டின் தடிமன், மருந்து ஏற்றிய நேரம், கருவியின் வகை என எல்லாமே அந்த எண்களை ஆட்டிவைக்கும். பல் அடைப்புக் கோடுகளையே நோயின் அடையாளமாகக் கற்றுக்கொண்டாலும் ஆச்சரியமில்லை. எப்படியும் சிகிச்சைக்கு முன் பயாப்ஸி எடுக்கத்தான் போகிறோம். எடுத்த துண்டிலேயே ஒரு சாயம் ஏற்றினால் தெரியும் விஷயத்துக்கு ஏன் படத்தை நம்ப வேண்டும்? பயாப்ஸி திசு போதாமல் போன இடத்தில் இது உதவலாம். அதைத் தாண்டி இப்போதைக்கு எனக்குப் பெரிய எதிர்பார்ப்பில்லை.

சி.டி.யில் ஒன்றும் கிடைக்கவில்லை. அடுத்து என்ன?

இது அபூர்வமில்லை. தலைக்கழுத்துப் புற்றுநோய்களில் நூற்றுக்கு 2 முதல் 5 பேருக்குத் தொடக்க இடம் எளிதில் பிடிபடுவதில்லை. அடுத்த படி பெரும்பாலும் பெட்-சி.டி. கதிரியக்கம் சேர்த்த சர்க்கரையை ஏற்றினால், பசியெடுத்த புற்றுசெல்கள் அதை அதிகம் உறிஞ்சி ஒளிரும். சி.டி.யில் தெரியாதவர்களில் சுமார் 4இல் ஒருவர் முதல் 3இல் ஒருவர் வரை இதில் அகப்படுகிறார்கள். ஆரோக்கியமான டான்சிலும் சர்க்கரை தின்னும் என்பதால் பொய்யான ஒளியும் உண்டு.

அதற்கப்புறம் மயக்கம் கொடுத்து எண்டோஸ்கோப்பால் தொண்டை முழுவதையும் பார்ப்பார்கள், விரலால் தடவியும் பார்ப்பார்கள். அடிநாக்கிலுள்ள சின்னக் கட்டியைக் கண்ணைவிட விரல் சீக்கிரம் கண்டுபிடிப்பது உண்டு. சந்தேகப் பக்க டான்சிலை ஒரு கிள்ளு எடுப்பதைவிட முழுதாக எடுத்துச் சீவிப் பார்ப்பதே நல்லது. புற்று குழியின் அடியில் அல்லவா இருக்கிறது! ரோபோ கருவி உள்ள இடங்களில் அடிநாக்கின் டான்சில் திசுவையும் வாய்வழியே சீவி எடுக்கிறார்கள். முன்பு ‘கண்டுபிடிக்க முடியவில்லை’ என்று மூடப்பட்ட பல கோப்புகள் இதனால் திறந்தன. கிடைக்கும் கட்டி சில நேரம் சில மில்லிமீட்டர்தான்.

அவ்வளவும் செய்து கிடைக்காவிட்டால்?

சிகிச்சை நிற்காது. நெறியின் மண்டலம், பி16, எப்ஸ்டீன்-பார் முடிவுகள் ஆகியவற்றை வைத்து, மறைந்திருக்கக்கூடிய இடங்களையும் சேர்த்துச் சிகிச்சை கொடுப்பார்கள். இடம் தெரியாததால் கதிர்வீச்சு கொஞ்சம் அகலமாகப் போகும். வாய் வறட்சியும் விழுங்கும் சிரமமும் அதனால் கூடும். இடத்தைக் கண்டுபிடிக்க இவ்வளவு பாடுபடுவது இதற்காகத்தான். இடம் தெரிந்தால் குறி சுருங்கும்.

சி.டி.க்குப் பதில் எம்.ஆர்.ஐ. எடுத்தால் என்ன?

அடிநாக்கு, தசைக்குள் பரவல், நரம்பு வழியே பரவல் ஆகியவற்றுக்கு எம்.ஆர்.ஐ. மேல். பல் அடைப்புத் தொல்லையும் அதில் சற்றுக் குறைவு. ஆனால் நேரம் அதிகம் எடுக்கும், அதற்குள் நூறு முறை எச்சில் விழுங்குவீர்கள், படம் மங்கும். தாடை எலும்பின் மேலோடு அரிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க சி.டி. நல்லது. ஒன்று மற்றதற்கு எதிரி இல்லை, பலருக்கு இரண்டும் தேவைப்படும்.

கதிர்வீச்சு, சிறுநீரகம் பற்றிய பயம்?

கழுத்து சி.டி.யின் கதிர்வீச்சு சுமார் 3 மில்லிசீவர்ட். இயற்கையிலிருந்தே மனிதருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் கிடைக்கிறது. புற்றைத் தேடும் இடத்தில் இது யோசிக்க வேண்டிய அளவே இல்லை. சிறுநீரகம் நன்றாக வேலை செய்பவருக்குக் கான்ட்ராஸ்டால் பிரச்சினை வருவது அரிது. சிறுநீரகம் வடிகட்டும் அளவு (ரத்தப் பரிசோதனையில் இ.ஜி.எஃப்.ஆர்.) 30க்குக் கீழே போயிருந்தால் டாக்டர் யோசிப்பார். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுபவர்கள், முன்பு கான்ட்ராஸ்டுக்கு அலர்ஜி வந்தவர்கள், கர்ப்பமாக இருக்கக்கூடியவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தைராய்டுப் புற்று சந்தேகம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். கான்ட்ராஸ்டிலுள்ள அயோடின் உடம்பை விட்டுப் போகும் வரை ரேடியோ அயோடின் சிகிச்சையைச் சில வாரங்கள் தள்ளிவைக்க வேண்டியிருக்கும்.

காரணம் தெரிந்து என்ன ஆகப்போகிறது? வந்தது வந்துவிட்டதே.

நிறைய ஆகும். 2010இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், வாய்த்தொண்டைப் புற்றுக்குச் சிகிச்சை பெற்றவர்களில் மூன்று ஆண்டுக்குப் பின் உயிரோடு இருந்தவர்கள், ஹெச்.பி.வி. இருந்தவர்களில் 82.4 சதவீதம், இல்லாதவர்களில் 57.1 சதவீதம். ஒரே இடம், ஒரே மாதிரி சிகிச்சை, இவ்வளவு வித்தியாசம். நீண்டகாலம் புகைத்தவர்களுக்கு ஹெச்.பி.வி. இருந்தும் இந்தச் சாதகம் குறைந்தது.

இதனால் நோயின் நிலையைக் கணக்கிடும் முறையே மாறியது. 2018இல் நடைமுறைக்கு வந்த அதன் 8ஆம் பதிப்பில் பி16 பாசிட்டிவ் வாய்த்தொண்டைப் புற்றுக்குத் தனி அட்டவணை போட்டார்கள். சின்ன டான்சில் கட்டி, அதே பக்கத்தில் 6 சென்டிமீட்டரைத் தாண்டாத பல நெறிகள் என்றால் பழைய கணக்கில் 4ஆம் நிலை, 8ஆம் பதிப்பின் கணக்கில் 1ஆம் நிலை. ‘ஒரு டாக்டர் நாலு என்கிறார், இன்னொருவர் ஒன்று என்கிறார்’ என்று பதறியவர்களுக்கு விடை பெரும்பாலும் இதுதான்.

நல்ல வகை என்பதால் சிகிச்சையைக் குறைக்கலாமா என்றும் பார்த்தார்கள். கதிர்வீச்சோடு கொடுக்கும் வழக்கமான சிஸ்பிளாட்டின் மருந்துக்குப் பதில் செட்டுக்சிமாப் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்த இரண்டு பெரிய சோதனைகளில் முடிவு மோசமாகவே இருந்தது. ஆகவே முறையான ஆய்வுக்கு வெளியே யாராவது ‘உங்களுக்குக் குறைத்தே கொடுக்கலாம்’ என்றால் இரண்டாவது கருத்து கேளுங்கள்.

ஹெச்.பி.வி. என்றதும் வீட்டில் சந்தேகம் வருகிறது. என்ன சொல்வது?

உண்மையைச் சொல்லுங்கள். இது மிகச் சாதாரணமாகப் பரவும் வைரஸ். உடலுறவில் ஈடுபடும் பெரும்பாலானோருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது வந்து, தெரியாமலே போய்விடும். சிலரிடம் மட்டும் தங்கி, தொற்றுக்கும் புற்றுக்கும் இடையே பல பத்தாண்டுகள் ஓடியிருக்கும். இப்போது வந்த நோயை வைத்து யாரிடமிருந்து, எப்போது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. துணைவரின் நடத்தைக்கு இது சாட்சியும் இல்லை. ஹெச்.பி.வி.யால் வரும் தொண்டைப் புற்றுகளில் ஏறத்தாழ பத்துக்கு ஒன்பதில் இருப்பது ஹெச்.பி.வி.யின் 16ஆம் வகை. அதற்குத் தடுப்பூசி உண்டு, தொற்று வரும் முன் இளவயதில் போட்டால் பலன்; வந்துவிட்ட புற்றை அது குணப்படுத்தாது.

சிகிச்சை முடிந்த பிறகும் நெறி தெரிகிறது. மிச்சமிருக்கிறதா?

அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஹெச்.பி.வி. நெறிகள், முக்கியமாக நீர்ப்பை நெறிகள், மெதுவாகத்தான் சுருங்கும். செல்கள் செத்தும் வெறும் பை சில மாதம் இருக்கலாம். அதனால்தான் முதல் பெட்-சி.டி.யைச் சிகிச்சை முடிந்து சுமார் 12 வாரம் கழித்து எடுக்கிறார்கள். முன்னாலேயே எடுத்தால் கதிர்வீச்சின் வீக்கமே ஒளிர்ந்து எல்லோர் தூக்கத்தையும் கெடுக்கும்.

ரிப்போர்ட் கையில் இருக்கிறது. படங்களையும் வைத்துக்கொள்ள வேண்டுமா?

கட்டாயம். ரிப்போர்ட் ஒருவரின் வாசிப்பு மட்டுமே. வேறு டாக்டரிடம் போகும்போது அவர் தன் கண்ணால் பார்க்க விரும்புவார். பி16 பாசிட்டிவ் என்று தெரிந்த பிறகு அதே பழைய படத்தைத் திறந்து, ‘ஓ, இங்கேதான் இருந்திருக்கிறது’ என்று அடிநாக்கில் ஒரு சின்ன வெளுப்பைக் காட்டுவதும் நடக்கும். பிலிமாக அச்சடித்துத் தருவதில் சில துண்டுகளே இருக்கும்; முழுப் படங்களும் பதிந்த தகட்டையோ பென் டிரைவையோ கேட்டு வாங்குங்கள். அந்தத் தகட்டுக்கும் சி.டி. என்றுதான் பெயர். ‘சி.டி. கொண்டுவந்தீர்களா’ என்று கேட்டால் இரண்டில் எதைக் கேட்கிறார்கள் என்று ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள்.